கல்லடிப் பாலத்தில் நின்று எந்த ஆங்கிலம் பேசலாம்?

வியப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் கைகொடுக்கும் மூன்று தொடர்களைப் பார்ப்போம். கல்லடிப் பாலத்தின் கீழே கிடக்கும் மட்டக்களப்பு வாவியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பலருக்கு முதலில் வருவது 'நெவர் சீசஸ் டு அமேஸ் மீ'. எத்தனை தரம் பார்த்தாலும் வியப்பு அடங்கவில்லை என்று சொல்ல நல்ல தொடர்தான். ஆனால் இதில் எழுவாய் வியக்க வைக்கும் பொருள், வியக்கிற ஆள் அல்ல. 'த லகூன் நெவர் சீசஸ் டு அமேஸ் மீ' சரி. 'ஐ நெவர் சீஸ் டு அமேஸ்' என்று மாற்றிப் போட்டால், நான் ஓயாமல் எல்லாரையும் அசத்துகிறேன் என்றாகிவிடும். அப்புறம், எரிச்சலிலும் இதே தொடர் வரும். ஒருவருடைய முரட்டுத்தனத்தைப் பார்த்து அலுத்துப்போயும் இப்படிச் சொல்வார்கள். ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது பார்த்துத்தான் போட வேண்டும்.

அடுத்தது 'ஐ ஹேவ் ஆல்வேய்ஸ் பீன் ஃபாசினேட்டட் பை', அதாவது ஒன்றின் மேல் எனக்கு எப்போதுமே ஈர்ப்பு உண்டு. நேர்முகத் தேர்வுக்கு நன்றாகப் பொருந்தும். 'ஃபாசினேட்டட்' என்பதை 'ஃபாசினேட்டிங்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள், பிறரை ஈர்ப்பவன் நான் என்று தற்புகழ்ச்சியாகிவிடும்.

என் தெரிவு மூன்றாவது, 'ஐ ஹேவ் ஆல்வேய்ஸ் வொண்டர்ட்'. ஒன்றைப் பற்றி எப்போதும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன் என்று பொருள். வாவிக்குள்ளிருந்து இரவில் கேட்கும் இசை போன்ற ஒலிக்கு நாம் சொல்லும் பாடும் மீனையே எடுங்கள். 1848 செப்டம்பரில் இங்கு வந்த ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரி எமர்சன் டெனன்ட் மீனவர்களிடம் விசாரித்தார். அது மீன் இல்லை, ஊரி என்ற ஓடுள்ள நீர்வாழ் உயிர் என்றார்கள். வறண்ட காலத்தில்தான் கேட்கும், மழைவெள்ளம் வாவியில் சேர்ந்தால் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். இரவில் படகில் போய் அவரே கேட்டார். நனைத்த விரலால் வைன் கிளாஸ் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய அதிர்வு போல இருந்தது என்று எழுதினார். மீனா ஊரியா என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. அப்படிப்பட்ட ஒன்றை 'அமேஸ்' என்று பாராட்டி முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. கேள்வி இன்னும் மனதில் கிடக்கிறது என்பதை 'வொண்டர்' சொல்லிவிடுகிறது. பாலத்தில் நிற்கும் வெளிநாட்டவரிடம் முதல் தொடரைச் சொன்னால் 'யெஸ், பியூட்டிஃபுல்' என்று தலையாட்டுவார். இதைச் சொன்னால், எந்த மாதம் கேட்கும், பௌர்ணமியிலா என்று அவரும் கேட்கத் தொடங்குவார்.

ஒரு கவனம். 'வொண்டர்ட்' என்பதற்குப் பின்னால் 'வேர் டஸ் த சவுண்ட் கம் ஃப்ரம்' என்று கேள்வி வாக்கியத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறோம். 'வேர் த சவுண்ட் கம்ஸ் ஃப்ரம்' என்பதே சரி. எழுதும்போது கேள்விக்குறியும் வேண்டாம், முற்றுப்புள்ளிதான்.