ஜிர்கோனியா என்று விற்ற அலுமினா: பால் மில் ஜார் வாங்குபவர்கள் கவனிக்க

பிளானட்டரி பால் மில்லுக்கு (சாம்பிளைப் பந்துகளோடு ஜாரில் போட்டுச் சுழற்றிப் பொடியாக்கும் மெஷின்) ஜிர்கோனியா, அதாவது ஜிர்கோனியம் ஆக்ஸைடு பீங்கான், ஜார் செட் வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு செட்டின் இன்வாய்ஸில் "இட்ரியா சேர்த்த ஜிர்கோனியா, 95%" என்றிருந்தது (இட்ரியா என்பது ஜிர்கோனியாவை உறுதியாக்கச் சேர்க்கும் இட்ரியம் ஆக்ஸைடு). பெட்டியில் வந்தது அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்ஸைடு. இரண்டுமே வெள்ளை, நன்றாக மெருகேற்றியிருந்தால் கண் ஏமாந்துவிடும்.

குட்டு உடைந்தது ரிசல்ட்டில்தான். ஒரே சாம்பிளை 5 நிமிடம் அரைத்தால் ஓர் அலுமினியம் அளவு, 20 நிமிடம் அரைத்தால் அதைவிடக் கூடுதல். பழி முதலில் எக்ஸ்.ஆர்.எஃப். (எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் கருவி) கேலிப்ரேஷன் மேல் விழுந்தது. கவனித்திருக்க வேண்டியது வேறு: ஜிர்கோனியம் ஏறவே இல்லை. எந்த ஜாரும் கொஞ்சமாவது தேயும், தேய்ந்தது பொடியில் கலக்கும். பல மணி நேரம் அரைத்தும் ஜிர்கோனியம் தலைகாட்டவில்லை என்றால் ஜாரில் அது இல்லை என்றுதான் அர்த்தம்.

இதைப் பிடிக்கத் தராசு போதும். 10 மி.மீ. பந்தின் கன அளவு 0.52 கன செ.மீ. நல்ல ஜிர்கோனியாவின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 6 கிராம். ஆகவே ஒரு பந்து 3.1 கிராம் இருக்க வேண்டும். அலுமினா என்றால் 2 கிராமை ஒட்டி நிற்கும். வந்த பந்துகளில் பத்தை எடுத்து நிறுத்தபோது மொத்தமே 19 கிராம்தான்! வெர்னியரில் விட்டத்தையும் பாருங்கள்: 9.5 மி.மீ. ஆகக் குறைந்தால் அசல் ஜிர்கோனியாவே 2.7 கிராம்தான் வரும். ஜாரை விட்டுவிடாதீர்கள். வெறும் ஜாரை ஒரு முறை காற்றிலும், நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கி ஒரு முறையும் நிறுங்கள். காற்றில் உள்ள எடையை, தண்ணீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அதனால் வகுத்தால் அடர்த்தி. ஸ்டீல் உறை போட்ட ஜாரில் இது சரிவராது. பந்து அசல், ஜார் போலி என்றால் இன்னும் மோசம். கனமான பந்து அலுமினா சுவரைச் சுரண்டித் தள்ளும்.

இன்னோர் ஆபத்து: எதிரெதிரே வைக்கும் ஜார்கள் ஒரே எடையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் பழைய அசல் ஜார், மறுபக்கம் இந்த இலேசான ஜார் என்று மாட்டினால் மெஷினே ஆடும், பேரிங் போகும்.

புகார் கொடுத்தால் வரும் பதில், "நீங்கள் ஓவர்லோடு செய்திருப்பீர்கள், பயன்படுத்திய ஜாரைத் திரும்ப எடுக்க மாட்டோம்." ஓவர்லோடு செய்தால் ஜார் தேயலாம், உடையலாம், அடர்த்தி மாறாது. கடைக்காரர் அனுப்பிய சான்றிதழில் பேட்ச் நம்பர்கூட இல்லை. ஆனாலும் ஓவர்லோடு என்ற சாக்குக்கு இடம் கொடுக்காதீர்கள்: ஜாரின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு பந்து, ஒரு பங்கு சாம்பிள், மீதி காலியிடம். சாம்பிள் குறைந்தால் பந்தும் சுவரும் நேருக்கு நேர் மோதி, நல்ல ஜாரும் தேய்ந்துவிடும்.

எடை சரியாக இருந்தால் அடுத்தது சோதனை அரைப்பு. சுத்தமான குவார்ட்ஸ் மணலை 10 நிமிடம் அரைத்து, அரைக்காத மணலோடு சேர்த்து எக்ஸ்.ஆர்.எஃப்.பில் போடுங்கள். அலுமினியம் கூடியிருக்கிறதா, ஜிர்கோனியம் கூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். முதல் சாம்பிள் ஜாருக்குள் போகுமுன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ஆர்டரில் "ஜிர்கோனியா" என்று மட்டும் எழுதாதீர்கள். அடர்த்தி 5.9க்குக் குறையக் கூடாது, குறைந்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அதற்கு மறுக்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.