ரிச்சி தெருவில் ஹார்ட் டிஸ்க் மாற்றினோம்

ஊருக்குப் போகும்போது சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் லேப்டாப் வேலை பார்த்துக்கொள்ளலாமா என்று டொராண்டோ நண்பர்கள் கேட்பதுண்டு. தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கடைக்காரர் என்ன கேட்கிறார் என்பதைக் கவனித்துவிட்டு லேப்டாப்பைக் கொடுங்கள்.

இந்த முறை கொண்டுபோனது அக்கா மகனுடையது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸும், உபுண்டு என்ற லினக்ஸும் இருந்தன. ஆன் செய்தால் எழுந்து வரவே பல நிமிடம் ஆகும். அதைவிட வேகமான 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும். கல்லூரி புராஜெக்ட் முழுக்க உபுண்டுவில் இருப்பதால் இரண்டும் அப்படியே வந்தாக வேண்டும்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தோம். முதலில் ஏறிய கடையில், "ஃபார்மேட் பண்ணி புது விண்டோஸ் போட்டுடலாம் சார், லினக்ஸெல்லாம் வராது" என்றார்கள். டிஸ்க்கை க்ளோன் செய்தால், அதாவது அப்படியே நகலெடுத்தால், இரண்டும் வரும். பேக்கப் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் ஃபார்மேட் என்கிறார்களே என்று கோபம்தான் வந்தது. ஒரு மாணவனின் உழைப்பு அல்லவா அது.

நரசிங்கபுரம் தெருவில் மாடியில் ஒரு சின்னக் கடை. அங்கிருந்த பெண் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பே, "பேக்கப் எடுத்துட்டீங்களா சார்? பிட்லாக்கர் ஆன்ல இருக்கா?" என்று கேட்டார். சரி, வேலை தெரிந்தவர் என்று புரிந்துவிட்டது. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அது ஆனில் இருந்தால், டிஸ்க் மாறிய பிறகு விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நின்று, அது நம் கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போனதுதான். பிட்லாக்கரை முழுதாக எடுத்து, விண்டோஸை முழுதாக ஷட் டவுன் ஆகவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்து, ஒழுங்காக ஷட் டவுன் செய்த பிறகே க்ளோன் செய்யும் மென்பொருளான க்ளோன்சில்லா இருந்த பென் டிரைவைச் செருகினார்.

க்ளோன் முடிந்ததும் இன்னொரு வேலை இருந்தது. பார்ட்டிஷன்கள், அதாவது டிஸ்க்கின் பிரிவுகள், பழைய அளவிலேயே வந்திருந்தன. கூடுதல் இடம் முழுவதும் உபுண்டுவுக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது. சி டிரைவைப் பெரிதாக்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் உபுண்டுவைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளில் அவர் அதைச் செய்து முடிக்க வெகு நேரம் பிடித்தது. கொஞ்சமும் அவசரப்படவில்லை.

பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல்முறை ஆன் செய்தார். க்ளோனில் பார்ட்டிஷன்களை அடையாளம் காட்டும் யூயூஐடி எண்களும் அப்படியே வந்துவிடும். இரண்டும் சேர்ந்து இருந்தால் உபுண்டு எதிலிருந்து எழுகிறது என்று சொல்ல முடியாது. எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனு வந்தது, இரண்டும் திறந்தன. உபுண்டு போய்வந்தால் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும் பழைய தொல்லையையும், லேப்டாப்பின் உள் கடிகாரத்தை உபுண்டுவும் உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும்படி மாற்றிச் சரிசெய்து கொடுத்தார். நாங்கள் கேட்கவே இல்லை.

பழையதை யூஎஸ்பி கேஸிங்கில் போட்டுக் கொடுத்து, "தம்பி, இதைச் செருகிக்கிட்டே ஆன் பண்ணாதீங்க, ஒரு மாசம் அழிக்கவும் வேண்டாம்" என்றார். எஸ்எஸ்டியின் சீரியல் எண் பில்லில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வாரண்டிக்கு அது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை.