ஐந்து நிமிட பேட்டரி டெஸ்ட்டை நம்பி 4,300 ரூபாய் விட்ட கதை

தென்காசியில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. சனிக்கிழமை காலை குடும்பமே பட்டும் பலகாரத் தூக்குமாகக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினால் 'டக் டக்' சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து, பாளையங்கோட்டையில் வழியில் தென்பட்ட ஒரு பேட்டரிக் கடையில் நிறுத்தினேன். நாங்கள் அவசரத்தில் இருக்கிறோம் என்பது பார்த்தவுடனே தெரிந்திருக்கும்.

கடைப் பையன் கையடக்க டெஸ்டர் ஒன்றை எடுத்து வந்தான். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த டெர்மினல் போல்ட்டிலேயே கிளிப்பை மாட்டினான், நாலு பட்டன் தட்டினான், சீட்டு வந்தது. 'மாற்றவும்' என்று இருந்தது. "செல் போச்சு சார், வழியில் நின்றால் என்னைக் கேட்கக்கூடாது" என்றார் முதலாளி. பழைய பேட்டரியைக் கழித்துக்கொண்டு 4,300 ரூபாய் வாங்கினார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வளைகாப்புக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பதில் எனக்குச் சந்தோஷம் வேறு.

அடுத்த சனிக்கிழமை புது பேட்டரியும் டவுன்.

இந்த முறை வேறு ஒரு பழைய எலக்ட்ரீஷியனை வீட்டுக்கே வரவழைத்தேன். அவர் எடுத்தவுடன் பேட்டரியைச் சோதிக்கவில்லை. "வண்டியில் புதுசா என்ன மாட்டினீங்க தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. டேஷ் கேமரா. முதல் தடவை வண்டி நின்றதற்கு மூன்று நாள் முன்னால்தான் மாட்டியிருந்தேன். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து இணைத்து, கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தார். 0.38 ஆம்ப் காட்டியது. சும்மா நிற்கும் வண்டி 0.05க்கு மேல் இழுக்கக் கூடாதாம். கேமரா ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.02க்கு இறங்கியது. சாவியை எடுத்தாலும் கரண்ட் நிற்காத லைனில் கேமராவைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 9 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியில் இருக்கும் கரண்டின் அளவு) போனால் 35 ஏஎச் பேட்டரி நாலு நாள் தாங்காது. வாரநாளெல்லாம் நான் போவது பைக்கில்.

அப்புறம்தான் அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டுச் சிரித்தார். வோல்ட் 12.14. அதாவது பாதி சார்ஜுக்கும் கீழே. பேட்டரி பாதிப் பசியில் இருக்கும்போது அதன் பலத்தை அளந்தால் அந்த அளவுக்கு என்ன மரியாதை? இன்னும் மோசம் அடுத்த வரி. டெஸ்டரில் பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் சி.சி.ஏ. எண்ணை, அதாவது குளிரிலும் வண்டியை ஸ்டார்ட் செய்ய அது எவ்வளவு ஆம்ப் தரும் என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். என் பழைய பேட்டரியில் இருந்தது 300. பையன் கொடுத்தது 450. மெஷின் அளந்தது 245. முந்நூறுக்கு 245 என்றால் சார்ஜ் இறங்கிய நிலையிலும் எண்பது சதவீதத்துக்கு மேல். 450க்கு அது பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். மெஷின் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்வியே பொய்.

என் வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு. பழைய பேட்டரிக்கு 22 மாதம்தான் ஆகியிருந்தது. வாரண்டி அட்டையில் முதல் 24 மாதத்துக்கு முழு மாற்று. உண்மையிலேயே செல் போயிருந்தால் இலவசமாகப் புதிது கிடைத்திருக்கும். ஆனால் வாரண்டி என்று கேட்டால் அதை வாங்கி வைத்து, முழுசாகச் சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். விற்பதற்கு ஐந்து நிமிடம் போதும், மாற்றித் தருவதற்கு மட்டும் ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் சோதனைதான் சரியான சோதனை.

அண்ணாச்சி செய்வது இப்படி. டெர்மினலை வெந்நீரும் சோடா உப்பும் விட்டுக் கழுவி, கிளிப்பை ஈயக் கம்பத்திலேயே மாட்டுவார். ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஓட்டி நிறுத்திய கையோடு அளந்தால் 13 கூடக் காட்டும், அது மேலோட்டமான சார்ஜ்; ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. பேட்டரி மேலே சார்ஜைக் காட்டும் பச்சைக் கண் தெரிகிறதே என்று நம்பவும் முடியாது, அது ஆறு செல்லில் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறது.

சீட்டோடு கடைக்குப் போனேன். "மெஷின் சொன்னதைத்தான் சார் சொன்னோம்" என்றார் முதலாளி. பழைய பேட்டரியைக் கேட்டேன். அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விட்டதாம். அது நல்லதா கெட்டதா என்று இனி யாரும் டெஸ்ட் செய்ய முடியாது. சீட்டில் எழுத்து இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது. நல்லவேளையாக போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.