கருப்புப் பை அவசர கிட் வாங்கியவர்கள் கவனத்துக்கு: உள்ளே இருக்கும் காம்பஸை நம்பி நடக்காதீர்கள்

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம், கொல்லிமலையில், 11 வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, போக வேண்டிய திசைக்கு நேர் எதிராக 25 நிமிடம் நடந்தேன். கையில் இருந்த காம்பஸ் காட்டிய பக்கம்தான் நடந்தேன். அதே கிட் இன்னும் எத்தனை பேர் வண்டி டிக்கியில் கிடக்கிறதோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2018 மார்ச் 11 அன்று தேனி பக்கம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் ஈரோடு, சென்னிமலை, திருப்பூர் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு மலைப்பக்கம் எங்கே போனாலும் விசில், டார்ச், தீப்பெட்டி, கயிறு எல்லாம் ஒரு சின்னப் பையில் எடுத்துக்கொள்வேன். காம்பஸ் மட்டும் இல்லாமல் இருந்தது. கோயமுத்தூரில் ஒரு கடையில் கேட்டபோது, "தனியா எதுக்குங்ணா, கிட்டாவே இருக்குதுங்க" என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு கருப்புப் பையை எடுத்து வைத்தார். உள்ளே விசில், மடக்குக் கத்தி, உரசினால் பொறி பறக்கும் குச்சி, வெள்ளி நிறப் போர்வை, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் காம்பஸ். மூடியில் பொத்தான் 'டக்'கென்று தானாக ஒட்டிக்கொள்ளும். விலை 1,450 ரூபாய். "மிலிட்டரிக்குப் போற சரக்குங்க" என்றார். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேருமுங்க" என்றார். சரியென்று விட்டுவிட்டேன். அங்கேதான் என் கை கட்டப்பட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமா ஒருவருக்குக் கொல்லிமலையில் மிளகுத் தோட்டம். சவுக்கு மரங்களில் கொடி ஏற்றியிருக்கிறார். தோட்டத்துக்கு மேற்கே, மேட்டில் தார் ரோடு. நடந்தால் கால் மணி நேரம்தான். நாலு மணிக்குக் கிளம்பினோம். பாதி வழியில் மஞ்சு இறங்கியது. அந்த மலையில் மஞ்சு இறங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பத்தடி தள்ளி நிற்கும் மரம் நிழல் மாதிரி ஆகிவிடும், அதற்கு அடுத்த மரம் இருக்கவே இருக்காது. தடம் இரண்டாகப் பிரிந்த இடத்தில் போனை எடுத்தேன், சிக்னல் இல்லை, மேப் திறக்கவில்லை. இதற்குத்தானே வாங்கினோம் என்று காம்பஸை எடுத்தேன். சிவப்பு முனை நின்ற பக்கம் வடக்கு என்று வைத்து, இடது கைப் பக்கம் திரும்பி நடந்தோம்.

கால் இறங்கிக்கொண்டே இருந்தது. மேட்டில் இருக்கும் ரோட்டுக்குப் போகிறவன் ஏன் இறங்குகிறேன் என்று ஒரு நிமிடம் தோன்றியது. இருந்தாலும், நம் கண்ணை ஏமாற்றும் மஞ்சில் முள் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்போது மஞ்சு கொஞ்சம் விலகி, எங்களுக்குப் பின்னால் வெளுத்துப்போன சூரியன் தெரிந்தது. மகள் நின்றுவிட்டாள்.

"அப்பா, நாம மேக்க போறோம்னா, பொழுது எப்படிங்ப்பா முதுகுக்குப் பின்னால இருக்கும்?"

காம்பஸைக் கீழே ஒரு கல்லின் மேல் வைத்துப் பார்த்தேன். சிவப்பு முனை ஆடாமல், அசையாமல், தெற்கைக் காட்டிக்கொண்டு நின்றது. தடுமாறியிருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். அவ்வளவு உறுதியாக நின்று பொய் சொல்லியது.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்த மேட்டிலேயே திரும்பி ஏறினேன். மேலே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மஞ்சு அந்த ஒரு நிமிடம் விலகாமல் இருந்திருந்தால் இருட்டில் எந்தச் சரிவில் நின்றிருப்போம் என்பது இன்றைக்கும் தூக்கத்தில் வருகிறது.

ஈரோடு வந்ததும் மொட்டை மாடியில் காலைச் சூரியனை வைத்துச் சரிபார்த்தேன். முழுசாகத் தலைகீழ். பிறகு பையை ஆராய்ந்தேன். மூடிப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு ஊக்கைக் கொண்டுபோனேன், பாய்ந்து ஒட்டிக்கொண்டது. பொத்தான் காந்தம். காம்பஸ் வைக்கும் உறை அதிலிருந்து சரியாக இரண்டு விரல்கடை தூரம். காம்பஸ் முள் என்பது காந்தம் ஏற்றிய மெல்லிய எஃகுத் தகடு. அதைவிட வலுவான காந்தம் ஒட்டினாற்போல் இருந்தால் முள்ளின் முனைகள் மாறிப்போகும், வடமுனை தென்முனை ஆகிவிடும். காம்பஸைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்த யாரும் காந்தப் பொத்தான் வைத்த பையில் அதைப் போட மாட்டார்கள். அந்தக் கிட்டைச் செய்தவர் கடைசிவரை ஒருதரம்கூட அதை எடுத்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்த வாரம் கடைக்குப் போனேன். அதே பைகள் பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. கடைக்குள் இரும்பு ரேக் இருக்கிறது, அங்கே பார்ப்பது நியாயமில்லை என்று மூன்று பைகளைத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்று சரியாகக் காட்டியது. ஒன்று என்னுடையதைப் போலவே தலைகீழ். இன்னொன்றில் முள் மூடியில் உரசி நின்றுவிட்டது, தட்டினால்தான் நகர்ந்தது. கடைக்காரர் மூன்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன் பக்கத்துல வெச்சிருப்பீங்கண்ணா. அதுவுமில்லாம இது எமர்ஜென்சிக்குத்தானுங்க, சும்மா ஒரு அவசரத்துக்கு."

அவசரத்துக்கு என்பதால்தானே சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. பணமும் இல்லை. "பிரிச்ச மால் எடுக்கறதில்லீங்க, பில் இருக்குதுங்களா?" இல்லை. பையில் செய்தவர் பெயரும் முகவரியும் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்றும் இல்லை. பொட்டலச் சரக்கில் செய்தவர் பெயரும் முகவரியும், வெளிநாட்டுச் சரக்கானால் நாட்டின் பெயரும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் யாரும் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போகலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது பில். தயவுசெய்து ஜிஎஸ்டியைக் கட்டி பில்லை வாங்குங்கள்.

இனி, சின்னக் காம்பஸ் வாங்குகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நம் பக்கத்துக்கு இது உண்மையிலேயே தேவை. இரவில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நாம் இருப்பது சுமார் 11 பாகை அட்சரேகையில், அது அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும், எதிரே ஒரு மலை இருந்தாலே மறைந்துவிடும்.

உள்ளே எண்ணெய் மாதிரித் திரவம் நிரப்பிய காம்பஸாக வாங்குங்கள். முள் சில நொடிகளில் அமைதியாகிவிடும். திரவம் இல்லாதது நடுங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே பெரிய காற்றுக்குமிழ் இருந்தால் வேண்டாம். கயிற்று வளையலின் பக்கிளில் பதித்து வரும் பொட்டுக் காம்பஸ்களைப் பிள்ளைகள் ஆசைக்கு வாங்கலாம், வழி பார்க்க வேண்டாம். வாங்கும்போது கடைக்கு வெளியே, வண்டியிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று, போனைப் பையிலிருந்து எடுத்துத் தூர வைத்துவிட்டு, மட்டமாகப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் சுற்றித் திரும்பினாலும் முள் ஒரே பக்கம் நிற்க வேண்டும். இரும்புச் சாவியைப் பக்கத்தில் கொண்டுபோய் முள்ளைக் கலைத்துவிட்டு, சாவியை எடுங்கள். பழைய இடத்துக்கே வர வேண்டும். மூன்று தடவை செய்யுங்கள். கடைசியாக, முக்கியமாக, சிவப்பு முனை உண்மையான வடக்கைக் காட்டுகிறதா என்று சூரியனை வைத்துப் பாருங்கள். நான் செய்யாமல் விட்டது இதுதான்.

இன்னொன்று, நல்ல கம்பெனிப் பொருளிலும் கவனிக்க வேண்டியது. ஐரோப்பா, அமெரிக்காவுக்காகச் செய்த காம்பஸில், அங்கே பூமியின் காந்தம் முள்ளின் வடமுனையைக் கீழே இழுப்பதால், தென்முனைப் பக்கம் எடை கூட்டிச் சமன் செய்திருப்பார்கள். முள் மேலும் கீழும் சாயாமல் மட்டமாக நிற்கும் காந்த நடுக்கோடு நமக்குக் கிட்டத்தில். திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவுக்கு அருகே அது போனதால்தான் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை அங்கிருந்து விட்டார்கள். இங்கே அந்தக் கீழிழுப்பு மிகக் குறைவு, அதனால் எடை கூட்டிய தென்முனை தாழ்ந்து தட்டில் உரசலாம். முள் இரண்டு பக்கமும் சமமாக மிதக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்து வாங்குங்கள். சேலம் கஞ்சமலை போன்ற இடத்தில் பாறையிலேயே இரும்புத் தாது இருப்பதால் நல்ல காம்பஸும் விலகும், அங்கே அதை நம்பி நடக்க வேண்டாம்.

வாங்கிய பிறகு காந்த மூடி வைத்த போன் கவர், ஸ்பீக்கர், பவர்பேங்க் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் இப்போது அடித்தட்டு உள்ள, திரவம் நிரப்பிய ஒன்றை வாங்கி, ஜிப் வைத்த துணிப்பையில் தனியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் காலையில் மகள் அதை மாடிக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து "சரியா இருக்குதுங்ப்பா" என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.

உங்களிடம் அந்தக் கருப்புப் பை இருந்தால், மூடிப் பொத்தானில் ஒரு ஊக்கை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் காம்பஸை வெளியே எடுத்துவிட்டு, நாளைக் காலை சூரியன் உதிக்கும்போது மாடிக்குப் போய்ச் சரிபாருங்கள். தலைகீழாக இருந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள், விளையாடக்கூட வேண்டாம், உடைத்துப் போட்டுவிடுங்கள்.