ரிலாக்ஸ் ஆகணும்னா எந்த எம்ப்ராய்டரி? ஆரியா, கிராஸ் ஸ்டிச்சா, ஹூப்பா, காந்தாவா?

எம்ப்ராய்டரி கத்துக்கலாம்னு இருக்கேன்னு யார்கிட்ட சொன்னாலும் நம்ம ஊர்ல அடுத்த கேள்வி "ஆரி கிளாஸா?"ன்னுதான் வருது. தெருவுக்கு ஒரு போர்டு தொங்குது, எம்ப்ராய்டரின்னாலே கல்யாண பிளவுஸ்னு ஆகிப்போச்சு. ஆனா போனை கொஞ்ச நேரம் கீழ வெச்சுட்டு மனசு ஓய்வா உக்காரணும், அவ்ளோதான் வேணும்னா நாலு வழி இருக்கு, நாலும் ஒரே மாதிரி கிடையாது. நாலையும் போட்டுப் பாத்துட்டுதான் சொல்றேன். என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணு: குக்கர் விசில் அடிச்சா கையில இருக்கறதை பாதியில அப்படியே வெச்சுட்டு எந்திரிக்க முடியணும், திரும்பி வந்தா எங்க விட்டோம்னு தேடக்கூடாது.

முதல்ல ஆரி. துணியை ஃப்ரேம்ல மேளத்தோல் மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டணும், மேல ஒரு கையில கொக்கி ஊசி, கீழ இன்னொரு கையில நூல், ஊசி உள்ள இறங்கி நூலைக் கொக்கியில மாட்டி மேல கொண்டு வந்தா ஒரு சங்கிலிக் கண்ணி. கை பழகிட்டா வேகம் பிரமாதம், சாதா ஊசியில ஒரு இலை போடற நேரத்துல இங்க ஒரு கிளையே முடிஞ்சிடும், துணியில ஊசி விழற டொக் டொக் சத்தமே தனி சுகம்னு சொல்றவங்க இருக்காங்க, நானும் மறுக்கல. ஆனா பழகற வரைக்கும் கொக்கி துணியில மாட்டிக்கிட்டு உயிரை வாங்கும். அதைவிட முக்கியம், கடைசி கண்ணியை லாக் பண்ணாம எந்திரிச்சுப் போனீங்கன்னா வீட்டுக் குழந்தை நூல் நுனியை ஒரு இழு இழுத்தா போதும், போட்டதெல்லாம் சரசரன்னு பிரிஞ்சு வந்துடும் (நாமளே பிரிக்கணும்னா அது சௌகரியம்தான், அது வேற). ஃப்ரேமைத் தூக்கிட்டு பஸ்ல போக முடியாது, குனிஞ்சே உக்காந்தா கழுத்து பிடிச்சுக்கும், அப்புறம் ஜர்தோசி, சமிக்கி, பீட்ஸ், குந்தன்னு டப்பா டப்பாவா சாமான் சேரும். இதெல்லாம்கூட பரவாயில்ல, ரெண்டு பிளவுஸ் போட்டதும் பக்கத்து வீட்டு அக்கா "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன், காசு தரேன்"னு வருவாங்க, அதுக்கப்புறம் முகூர்த்த தேதி, டெலிவரி, கை கழுத்து டிசைன் மாத்தறதுன்னு அது வேலையாவே ஆயிடும். வீட்ல இருந்தே சம்பாதிக்க நல்ல தொழில், அதுல சந்தேகமே இல்ல. ஓய்வுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

கிராஸ் ஸ்டிச் இதுக்கு நேரெதிர். ஐடான்னு ஒரு துணி, கட்டம் கட்டமா நெய்திருக்கும், 14 கவுண்ட்னா ஒரு இன்ச்சுக்கு 14 கட்டம். முனை மழுங்கின 24ஆம் நம்பர் ஊசி, ரெண்டு இழை நூல், சார்ட்ல எந்தக் கட்டத்துல என்ன கலர்னு போட்டிருக்கும், அதைப் பாத்து பெருக்கல் குறி போட்டுக்கிட்டே போறதுதான். படம் வரையத் தெரிய வேண்டாம், கலர் யோசிக்க வேண்டாம். ஆபீஸ்ல நாள் முழுக்க முடிவெடுத்து மண்டை காஞ்சவங்களுக்கு இது வரம்னே சொல்லலாம். ஆனா கணக்கு பாத்துக்கோங்க, 100க்கு 100 கட்டம்னா 10,000 பெருக்கல் குறி, அவ்ளோ போட்டும் கிடைக்கறது 7 இன்ச் சொச்சத்துக்கு ஒரு சதுரம். நடுவுல ஒரே ஒரு கட்டம் தள்ளிப் போட்டா அது 20 வரிசை தாண்டி பூவோட காம்பு சேராம நிக்கறப்போதான் தெரியும், அந்த நேரத்துல ரிலாக்ஸாவது ஒண்ணாவது. முதல்லயே 10 கட்டத்துக்கு ஒரு கோடு தண்ணியில போற பேனாவால போட்டுக்கிட்டா பாதி தலைவலி குறையும், முடிச்ச கட்டத்தை சார்ட்ல அடிச்சுக்கிட்டே வந்தா குக்கர் டெஸ்ட்லயும் பாஸ். சின்ன ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்ல ஐடா கிடைக்கறது கஷ்டம், ஆன்லைன்லதான் வாங்கணும்.

இதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், நீலகிரியில தோடர் பெண்கள் புத்துக்குளி சால்வையில போடற எம்ப்ராய்டரியும் இழை எண்ணிப் போடறதுதான், ஆனா சார்ட்டும் கிடையாது, துணியில வரைஞ்சுக்கறதும் கிடையாது, வெள்ளைத் துணியில சிவப்பும் கருப்புமா நேரடியா இழையை எண்ணியே போட்டுடுவாங்க. 2013ல புவிசார் குறியீடு வாங்கின வேலை. பெரிய பெரிய கட்டத்தையே எண்ணத் திணறிக்கிட்டு அதைப் பாத்தா கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கும்.

இப்போ ஹூப். பழைய தலகாணி உறையில "ஸ்வீட் ட்ரீம்ஸ்", ஜோடிக் கிளி, டிவிக்கு மேல போடற பூப்போட்ட கவர் எல்லாம் ஞாபகம் இருக்கா, அதே வேலைதான், இப்போ வட்ட ஃப்ரேமோட சுவத்துல தொங்குது. என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா கண்ணை மூடிக்கிட்டு இல்ல. ஸ்டெம் ஸ்டிச்ல ஒரு காம்பு, லேசி டெய்சியில நாலு இதழ், நடுவுல பிரெஞ்ச் நாட் (நூலை ஊசியில சுத்திப் போடற குட்டி முடிச்சு), இந்த மூணு தெரிஞ்சா ஒரு தோட்டமே போட்டுடலாம். ஆங்கர் பிராண்ட் நூல் ஒரு கட்டு 8 மீட்டர், அதுல 6 இழை முறுக்கி இருக்கும், அப்படியே கோக்காதீங்க, முழங்கை நீளத்துக்கு வெட்டி ஒவ்வொரு இழையா உருவி எடுத்து அப்புறம் வேணுங்கற ரெண்டோ மூணோ சேத்துக் கோத்தா சிக்கு விழாது, தையலும் பளபளன்னு படியும். அந்த உருவற வேலையிலயே பாதி டென்ஷன் போயிடும் எனக்கு. குக்கர் டெஸ்ட்ல டிஸ்டிங்ஷன், ஊசியைத் துணியில குத்தி வெச்சுட்டு போனா மூணு நாள் கழிச்சு வந்தாலும் அப்படியே இருக்கும். என்ன, நிறைய நாள் விடறதா இருந்தா ஹூப்பைக் கழட்டிடுங்க, இல்லன்னா வட்டத் தடம் விழுந்துடும்.

குறை இல்லாம இல்ல. சாட்டின் ஸ்டிச்ல (இடைவெளி விடாம ஒட்டி ஒட்டி நிரப்பற தையல்) ஓரம் நேரா வர்றதுக்கு மாசக்கணக்குல கை பழகணும். பிரெஞ்ச் நாட் தப்பாப் போனா பிரிக்கறது ரொம்ப கஷ்டம், பெரும்பாலும் வெட்டி எறியறதுதான். இந்தப் பூவுக்கு ரோஸா ஆரஞ்சான்னு ஒவ்வொண்ணுக்கும் நாமதான் முடிவு பண்ணணும், சில நாள் அதுவே பாரம். வரையறதுக்கு மஞ்சள் கார்பன் பேப்பர் போதும், இப்போ சூட்டுல அழியற பேனா வந்திருக்கு, அயர்ன் பண்ணா கோடு காணாமப் போகும், ஆனா மைனஸ் 10 டிகிரி வாக்குல போனா திரும்பி வந்துடும். நம்ம ஊர்ல துணியை ஃப்ரீசர்ல வெச்சாத்தான் அந்தக் கவலை.

கடைசியா காந்தா, வங்காளத்துக்காரங்க வேலை. பழைய காட்டன் சேலையை ரெண்டு மூணு அடுக்கா வெச்சு முழுக்க ஓட்டுத் தையல், அவ்ளோதான். அந்தக் காலத்துல நூல்கூட சேலை பார்டர்ல இருந்து உருவினதுதான். ஹூப் வேணாம், தையல் கொஞ்சம் கோணலாப் போனாலும் கேட்க ஆள் கிடையாது, துணி லேசா சுருங்கி அலை அலையா நிக்கறதே அதோட அழகு. காய்ச்சல், தூக்கமில்லாத ராத்திரி, ஆஸ்பத்திரியில காத்திருக்கற நேரம், இதுக்கெல்லாம் காந்தாவை அடிச்சுக்க எதுவும் இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன். ஆனா சீக்கிரம் போரடிக்கற ஆளா இருந்தா ஒரு முழுப் போர்வை ஜென்மத்துக்கும் முடியாது, அதனால ஒரு அடி சதுரத்துல ஆரம்பிங்க.

எதை எடுத்தாலும் 100 கலர் நூல் பாக்ஸைப் பாத்து மயங்காதீங்க, விலை கம்மியா விக்கற பேர் தெரியாத நூல்ல பாதி பஞ்சு பிரியும், சாயமும் இறங்கும். அரை மீட்டர் காடா துணி, 6 இன்ச் மர ஹூப், ஊசி பாக்கெட் ஒண்ணு, நல்ல நூல்ல அஞ்சு கலர் போதும். அந்த அஞ்சுல சிவப்பு இருந்தா, தைக்கறதுக்கு முன்னாடி ஈர வெள்ளைத் துணியில ஒரு தடவை தேய்ச்சுப் பாத்துடுங்க.