சிங்க்கின் அடியில் ஒழுகுகிறதா? ஆளை அழைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டுப் பழுதுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியை நம்பி, சமையலறை சிங்க்கின் ஒழுகலைச் சரிசெய்யப் போய், ஒரு புதிய சிங்க்கையே வாங்கிவிடக்கூடிய தொகையைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒழுகல் நிற்கவில்லை. இன்னொருவர் ஏமாறாமல் இருக்க, நடந்ததையும் கவனிக்க வேண்டியவற்றையும் எழுதுகிறேன்.

வந்தவர் கைபேசி வெளிச்சத்தில், பாட்டில் டிராப்பின் (சாக்கடை நாற்றம் மேலே வராமல் தண்ணீரைத் தேக்கிவைக்கும், சிங்க்குக்குக் கீழே உள்ள குப்பி) அடியில் தொங்கிய சொட்டைப் பார்த்தார். நட்டைக் கழற்றி, கறுத்துத் தட்டையாகிப்போன வாஷர் ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு, "பாருங்க சார், இது போனா மொத்த செட்டும் போச்சு. மாத்திட்டா ஆறு மாசம் வாரண்டி, நான் பொறுப்பு" என்றார். நான் நம்பியது அந்த நொடியில்தான். கெட்டுப்போன பொருளைக் கண்ணெதிரே நீட்டிக் காட்டுபவரை யார்தான் சந்தேகிப்பார்கள்?

டிராப், வேஸ்ட் பைப் இரண்டையும் மாற்றினார். ஈரம் துடைக்காமலேயே இணைப்புகளின் மேல் சிலிக்கான் பூசினார். தண்ணீரை நூலிழையாகத் திறந்துவிட்டு, "ஒரு சொட்டு இல்ல பாருங்க" என்றார். பழைய பாகங்களைக் குப்பையில் போட்டுவிடுவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். முழுத் தொகையும், அதாவது ஒரு புதிய சிங்க்கின் விலை, செயலி வழியே அப்போதே போய்விட்டது.

அன்றிரவு பாத்திரங்களை ஊறவைக்க சிங்க்கை அடைத்து நிரப்பினோம். காலையில் அலமாரியின் பலகை ஊறி உப்பியிருந்தது. அடைப்பான் மூடியிருக்கும்போது டிராப்புக்குத் தண்ணீர் இறங்கவே வாய்ப்பில்லை. ஆகவே கசிவு அதற்கு மேலே, தொட்டியின் துவாரத்தில் பொருந்தும் வேஸ்ட் கப்ளிங்கின் வாஷரில்தான் இருக்க வேண்டும். அங்கே கசிகிற நீர் குழாயின் வெளிப்புறமாகவே வழிந்து, கடைசியில் டிராப்பின் அடியில் சொட்டாகத் திரள்கிறது. தினமும் இதே வேலையைச் செய்பவருக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

புகார் செய்தேன். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒரு பதில் வந்தது. தொலைபேசியில் பேசிய பெண், வாரண்டி நாங்கள் மாற்றிய பாகங்களுக்கு மட்டுமே, கப்ளிங் உங்களுடைய பொருள் என்றார். அப்படியானால் கெடாத டிராப்பை எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, மேலதிகாரி அழைப்பார் என்றார். யாரும் அழைக்கவில்லை. செயலியில் என் புகார் "தீர்க்கப்பட்டது" என்ற பச்சை எழுத்துடன் மூடப்பட்டிருக்கிறது. ஒரு சிங்க்கின் விலையை வாங்கிக்கொண்டு, கப்ளிங்கை விரலால்கூடத் தொட்டுப் பார்க்காத வேலைக்கு இந்தப் பச்சை எழுத்து!

விரிவாக ஆலோசனை எழுதும் மனநிலையில் இப்போது நான் இல்லை. ஆளை அழைப்பதற்கு முன், எல்லா இணைப்புகளையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டைச் சுற்றுங்கள். சிங்க்கை அடைத்து நிரப்பிச் சற்று நேரம் விட்டு, பிறகு ஒரேயடியாகத் திறந்துவிட்டால், எந்தக் காகிதம் முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு. நட்டு இணைப்பைக் காப்பது உள்ளே இருக்கும் வாஷர். வெளியே சிலிக்கான் பூசுபவரை உடனே நிறுத்துங்கள். நிரம்பிய சிங்க் வடிந்து முடிந்தபின் அடியில் கை வைத்துப் பார்க்காமல் பணம் செலுத்தாதீர்கள். பழைய பாகங்களை ஒருபோதும் கொடுத்தனுப்பாதீர்கள். என்னிடம் காட்டுவதற்கு இப்போது அந்த வாஷர்கூட இல்லை.