ஆர்வியில் வெந்நீர் வெதுவெதுப்பாக வருகிறதா? உடனே ஹீட்டரை மாற்றச் சொல்லும் கடையிடம் உஷார்

குளிர்காலம் முடிந்து ஆர்வியை, அதாவது சமையலறை, குளியலறையோடு வரும் வீட்டு வண்டியை, வெளியே எடுப்பவர்களுக்கான எச்சரிக்கை இது. வெந்நீர்க் குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று வண்டியைக் கடையில் விட்டால், சோதித்துப் பார்க்காமலே "ஹீட்டர் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்" என்று சொல்லி 1,300 டாலருக்கு மேல் பில் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு வண்டியில் புது ஹீட்டர் போட்ட பிறகும் அதே வெதுவெதுப்புதான். உண்மையான கோளாறு, வண்டியின் வெளிப்பக்கத்தில் சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஷவரின் இரண்டு குழாய்களும் திறந்து கிடந்தது. மூட ஐந்து விநாடி, செலவு ஒன்றுமில்லை. கடையின் பெயர் இங்கே வேண்டாம். ஏமாற்றிய விதம்தான் தெரிய வேண்டியது.

வண்டி, அமெரிக்காவின் வடகிழக்கில் ஓடும் ஒரு பழைய கிளாஸ் சி வகை ஆர்வி. ஹீட்டர், சபர்பன் கம்பெனியின் 6 கேலன் டேங்க் வைத்தது; காஸிலும் ஓடும், 120 வோல்ட் கரண்டிலும் ஓடும். பனிக்காலத்துக்கு முன் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவம் ஏற்றியதும், வசந்தத்தில் அதைக் கழுவி எடுத்ததும் அதே கடை. கழுவும்போது வண்டிக்குள் இருக்கும் குழாய்கள் மட்டும் போதாது, வெளி ஷவரிலும் சூடு, குளிர் இரண்டையும் திறந்து சிவப்பு நிறம் போகும்வரை ஓட விட வேண்டும். அதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். முடித்தபின் குழாய்களை மூடாமல், ஷவர் தலையில் இருக்கும் பொத்தானை மட்டும் அழுத்தி நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒரு சொட்டுக்கூட வெளியே வராது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

தண்ணீர் சூடாகவில்லை என்று வண்டி திரும்பப் போனபோது பில்லில் எழுதியது: "எலிமென்ட் பழுது, டேங்க்கில் உப்புப் படிவு, ஹீட்டர் மாற்றப்பட்டது." கழற்றிய ஹீட்டரைக் கேட்டு வாங்கி, கரண்டில் தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட்டின் இரு முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்தால் 10 ஓம் காட்டுகிறது. 1,440 வாட் எலிமென்ட் 120 வோல்ட்டில் 12 ஆம்பியர் இழுக்கும். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10. அதாவது எலிமென்ட் கல்லுக்குண்டு மாதிரி நன்றாக இருக்கிறது. எரிந்துபோன எலிமென்ட்டாக இருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாமல் திறந்த சுற்று என்று நிற்கும். ஆக, அந்தச் சோதனையே நடக்கவில்லை.

வெளி ஷவர் திறந்திருந்தால் உள்ளே சமையலறையில் ஏன் சூடு குறைகிறது? சூடு, குளிர் இரண்டு குழாய்களும் அந்த ஷவரின் உடலுக்குள் ஒன்றாகச் சேர்கின்றன. வெளியேறும் வழி அடைபட்டிருப்பதால் இரண்டு லைனுக்கும் நடுவே அது ஒரு பாலம் ஆகிவிடுகிறது. நீங்கள் உள்ளே வெந்நீரைத் திறந்ததும் சூடான லைனில் அழுத்தம் இறங்கும். உடனே குளிர் லைனிலிருந்து தண்ணீர் அந்தப் பாலம் வழியாகப் பாய்ந்து வந்து, ஹீட்டரிலிருந்து வருவதோடு கலந்துவிடும். டேங்க்குக்குள் தண்ணீர் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 54 செல்சியஸில், கொதிப்பாகவே இருக்கும். குழாய்க்கு வந்து சேர்வதுதான் கலப்படம்.

கோளாறு ஹீட்டரிலா, வெளியிலா என்று பிரித்தறிய இரண்டு குறிகள் போதும்.

ஒன்று, சூடு எப்போது குறைகிறது என்பது. முதலில் நன்றாகச் சூடாக வந்து ஐந்தாறு நிமிடத்தில் ஆறினால் அது கோளாறே இல்லை. 6 கேலன் டேங்க்கின் கொள்ளளவு அவ்வளவுதான். முதல் நிமிடத்திலிருந்தே வெதுவெதுப்பு, பத்து நிமிடம் விட்டாலும் அதே வெதுவெதுப்பு என்றால் எங்கோ கலக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது குறி இன்னும் உறுதியானது. காஸில் மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு கரண்டில் மட்டும். சபர்பனில் இரண்டுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்து நிறுத்தும் கருவி. ஒன்று காஸ் பர்னரையும் மற்றது எலிமென்ட்டையும் கட்டுப்படுத்தும். இரண்டு வழியிலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு என்றால், தொடர்பில்லாத இரண்டு பாகங்கள் ஒரே நாளில் ஒரே அளவுக்குக் கெட்டன என்று நம்ப வேண்டியிருக்கும். அதை நம்பச் சொல்கிறவர் ஹீட்டர் விற்கப் பார்க்கிறார். ஒரு வழியில் நல்ல சூடு, இன்னொன்றில் இல்லை என்றால் மட்டுமே ஹீட்டர் பக்கம் போங்கள்.

இப்போது உறுதிசெய்யும் சோதனை. ஹீட்டர் உடலின் பின்பக்கம் பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலோ சமையலறை அலமாரிக்குள்ளோ, நாலு திருகு போட்ட பலகைக்குப் பின்னால் இருக்கும். கீழே வருவது குளிர் லைன், மேலே போவது சூடான லைன். இரண்டையும் குறுக்கே இணைத்து, ஹீட்டருக்குள் போகாமல் தண்ணீரைச் சுற்றிவிடும் சிறு குழாய்தான் பைபாஸ். மூன்று வால்வு உள்ள வண்டியில் சாதாரண நாட்களில் குளிர் வால்வும் சூடு வால்வும் திறந்து, நடுவில் உள்ள பைபாஸ் மூடியிருக்க வேண்டும். கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக இருந்தால் மூடியிருக்கிறது.

ஹீட்டரின் காஸ், கரண்ட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். குளிர் லைன் வால்வை மூடுங்கள். பைபாஸும் மூடியே இருக்கட்டும். பம்ப்போ வெளித் தண்ணீர் இணைப்போ ஓடிக்கொண்டே இருக்கட்டும். சமையலறையில் வெந்நீரை மட்டும் திறங்கள். மிச்ச அழுத்தத்தில் சில விநாடி வந்து நின்றுபோக வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அந்தத் தண்ணீர் ஹீட்டர் வழியாக வரவே முடியாது. குளிர் லைனிலிருந்து குறுக்கே வருகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாத மெக்கானிக் ஹீட்டரைத் தொடக்கூடாது. முடிந்ததும் குளிர் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று போய்ச் சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் ஹீட்டரைப் போடுங்கள். வெற்று டேங்க்கில் கரண்ட் கொடுத்தால் எலிமென்ட் சில விநாடியில் எரிந்துவிடும், அப்போது கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

ஒரே வால்வு வைத்த வண்டிகளில் இந்தச் சோதனைக்கு வழியில்லை. அங்கே டேங்க்கிலிருந்து வெளியே வரும் சூடான குழாயைத் தொட்டுப் பாருங்கள். அங்கே கை வைக்க முடியாத சூடு, குழாய்க்கு வந்தால் வெதுவெதுப்பு என்றால் விடை அதுவே.

குறுக்கே வருகிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. வெளி ஷவர்தான் முதல். அடுத்தது உள்ளே இருக்கும் ஷவர்; தண்ணீரை மிச்சப்படுத்த, சோப்புப் போடும்போது தலையில் இருக்கும் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, குளித்து முடித்ததும் குழாய்களை மூட மறந்து வெளியே வந்துவிடுவார்கள். அதே பாலம் உள்ளேயே உருவாகிவிடும். பிறகு பைபாஸ் வால்வு. அது பாதி திரும்பிய நிலையில் நின்றிருக்கலாம். பிளாஸ்டிக் வால்வுகளில் இன்னொரு தொல்லை: கைப்பிடி திரும்பும், உள்ளே இருக்கும் உருண்டை திரும்பாது. கைப்பிடியைப் பார்த்து நம்பாமல், வெந்நீரை ஓடவிட்டு, பைபாஸ் குழாய் சூடான லைனோடு சேரும் இடத்துக்கு முன்னும் பின்னும் தொட்டுப் பாருங்கள். முன்னால் கொதிப்பு, பின்னால் இளஞ்சூடு என்றால் ஆள் அங்கேதான். ஒற்றைக் கைப்பிடிக் குழாய்களின் உள்ளே சூடு, குளிரைக் கலக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்தாலும் கசிந்து கலக்கும். அதைக் கண்டுபிடிக்க அந்தக் குழாயின் சூடான இணைப்பைக் கழற்றி அரை அங்குல மூடி போட்டுப் பார்ப்பதுதான் வழி. வாஷிங் மெஷின் இணைப்பு உள்ள வண்டியில் அதன் இரு வால்வுகளையும் மூடிப் பாருங்கள். வெளி ஷவர் பனியில் உறைந்து வெடித்திருந்தால் மூடினாலும் மூடாது. குழாயையே மாற்ற வேண்டும், அது ஹீட்டர் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

ஹீட்டரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. கரண்டில் மட்டும் சூடு இல்லையென்றால் முதலில் ஹீட்டரின் வெளிக் கதவைத் திறந்து கீழ் இடது மூலையில் உள்ள சின்ன ஸ்விட்சைப் பாருங்கள். உள்ளே சுவரில் இருக்கும் ஸ்விட்ச் மட்டும் போட்டுவிட்டு இதை மறப்பவர்கள் ஏராளம். அதே இடத்தில் ரப்பர் மூடிக்கு அடியில் இரண்டு ரீசெட் பொத்தான்கள் இருக்கும், காஸுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. தண்ணீர் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அவை வெட்டிவிடும். அழுத்தினால் 'டிக்' என்று கேட்டால் வெட்டியிருந்தது என்று பொருள். அடிக்கடி வெட்டினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். தெர்மோஸ்டாட் தொகுப்பு சில பத்து டாலர்தான், கழற்றி மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பிரேக்கரை இறக்கிவிட்டு. எலிமென்ட் மாற்ற ஒன்றரை அங்குல சாக்கெட் வேண்டும், டேங்க் காலியாக இருக்க வேண்டும்.

கேம்ப்கிரவுண்டில் வோல்ட்டேஜ் இறங்கினாலும் கரண்டில் மெதுவாகத்தான் சூடாகும். 120-க்குப் பதில் 105 வோல்ட் வந்தால் 1,440 வாட் எலிமென்ட் ஏறக்குறைய 1,100 வாட்டாகச் சுருங்கிவிடும். சரியான வோல்ட்டேஜிலேயே 60 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீர் 130-க்கு ஏற முக்கால் மணி நேரம் ஆகும். பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சூடாகவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். காஸில் மட்டும் மந்தம் என்றால் பர்னர் குழாயைப் பாருங்கள். காஸ் வாசனைக்குச் சிலந்திகள் வந்து உள்ளே கூடு கட்டும், குளவிகள் மண் அப்பும். சுடர் நீலமாக, இரைச்சலோடு எரிய வேண்டும். மஞ்சளாகத் தளர்ந்து ஆடினால் அடைப்பு. காஸ் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் இருக்க வேண்டும்; அளக்க மானோமீட்டர் என்ற அழுத்தமானி இல்லாதவர்கள் ரெகுலேட்டரைத் திருகக்கூடாது.

கடையில் தள்ளிவிடப் பார்க்கும் இன்னொரு பொருள் ஆனோட் ராட். "அது கரைந்துபோனதால்தான் சூடு வரவில்லை" என்பார்கள். சுத்தப் பொய். எஃகு டேங்க் துருப்பிடிக்காமல் தன்னைக் கொடுத்துக் காப்பாற்றும் மெக்னீசியக் கம்பி அது. சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முக்கால்வாசி கரைந்ததும் மாற்றினால் போதும், 1-1/16 அங்குல சாக்கெட்டில் நீங்களே கழற்றலாம். அட்வுட் என்ற இன்னொரு கம்பெனியின் ஹீட்டர் வைத்திருப்பவர்களிடமும் இதை விற்கிறார்கள். அட்வுட் டேங்க் அலுமினியம், அதற்கு ஆனோட் தேவையில்லை. அடியில் இருப்பது நைலான் அடைப்பான். அதற்குப் பதில் உலோகத்தைத் திருகினால் மரை போய்விடும்.

வண்டியை விடும் முன் வேலைத்தாளில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். குளிர் வால்வை மூடிச் செய்யும் சோதனையின் முடிவு, டேங்க்கின் வெளி வாயிலிலும் சமையலறைக் குழாயிலும் அளந்த டிகிரி, எலிமென்ட்டின் ஓம் அளவு. எண் எழுத மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மாற்றிய பாகங்கள் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன வண்டிக்கு அந்த 10 ஓம் அளவுதான் பேச்சுவார்த்தையில் கை கொடுத்தது. படத்தையும் பில்லையும் சேர்த்து அனுப்பியதும் கூலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஹீட்டர் விலையை மட்டும் "பொருத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று, கோளாறைச் சரிசெய்த அன்றே கவனிக்க வேண்டியது. பல வாரம் வெதுவெதுப்பில் குளித்த வீட்டில் எல்லோருக்கும் வெந்நீரை முழுதாகத் திறந்து, குளிரைத் தொடாமல் குளிக்கும் பழக்கம் வந்திருக்கும். பாலம் மூடியதும் அதே குழாயில் 130 டிகிரி வரும். அந்தச் சூட்டில் அரை நிமிடம் நின்றாலே தோல் வெந்துவிடும். 140 டிகிரி என்றால் ஐந்தாறு விநாடி போதும். குழந்தைகள் குளியலறைக்குள் போகுமுன் குளிரை முதலில் திறந்து, பிறகு சூட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்.